மூன்று நாட்டுப் பட்டாளமும் பெரியம்மாவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒருமுறை மூன்று நாட்டுப் பட்டாளம் சேர்ந்து வந்தது. வந்த மூன்றையும் என் பெரியம்மா ஒரே காலைப்பொழுதில், தேத்தண்ணி நேரத்துக்கு முன்னால், தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. பட்டாளம் என்றால் அவர்களுக்கு வேறு ஞாபகங்கள். ஆனால் அன்றைக்கு வந்தவர்களின் கையில் துப்பாக்கியை நான் பார்க்கவில்லை. மாவு மூட்டைகள், மருந்துப் பெட்டிகள், அதோடு ஓர் இரும்புப் பாலம். அந்தப் பாலத்தைப் பற்றியதுதான் இந்தக் கதை.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்தது அவளுடைய காம்பரா. நடுவில் ஒரு சுவர் உண்டு. அவள் குரலுக்கு அதுவும் கிடையாது. கொழுந்தெடுப்பதில் அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. அவளைவிட வேகமாகக் கூடை நிரப்பியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேச்சென்று வந்துவிட்டால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐயாவே மலையில் இரண்டு வரிசை மேலே தள்ளி நின்றுகொண்டுதான் அவளிடம் வாய் கொடுப்பார்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்குப் பத்து வயதிருக்கும். கிழக்குக் கரையை அடித்த புயலின் வால் பதுளை மலைகளையும் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போனது. காற்று ஓர் இரவு. அதன் பிறகு மழை, மழை, மழை. லயத்துத் தகரங்கள் பறந்து தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தன. எங்கள் வீட்டுக் கோழி ஒன்று எங்கேயோ போய்விட்டு, வேறு யாருடைய கோழியோ எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் நாங்கள் பிள்ளைகள் ஒரு கொண்டாட்டமாகத்தான் எடுத்துக்கொண்டோம். பாலம் போன பிறகுதான் பெரியவர்களின் முகம் மாறியதைக் கவனித்தோம்.

எங்கள் தோட்டத்தை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்தது. நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கும் இடம், கடை, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், தோட்ட மேனேஜரான துரையின் பங்களா எல்லாம் அந்தக் கரையில். இந்தக் கரையில், மேட்டில், எங்கள் லயங்கள் மட்டும். மேக்கணக்கு என்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது வெள்ளைக்காரர் காலத்துத் தொங்கு பாலம் ஒன்று. ஆறு அதைக் கம்பியோடும் பலகையோடும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. பாலம் இல்லாவிட்டால் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். விடியக் கிளம்பினாலும் பெரட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான் கிடைக்கும்.

அரைப்பேரைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த நாட்களில், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்பளைகள் அவளைக் கம்பளியில் கிடத்தி ஆற்றங்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் போக வழியில்லை. கரையிலேயே, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளைப் பிடித்துக் கூரையாக்கி, அதற்குக் கீழே பெரியம்மாதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளை தங்கவில்லை. பெரியம்மா திரும்பி வந்ததும் யாரோடும் பேசாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் கேட்காத ஒரு நாள் என்று எனக்கு ஞாபகத்தில் இருப்பது அதுதான்.

வானம் வெளுத்ததும் ஹெலிகொப்டர் வந்தது. அதற்கு முன் அதை நாங்கள் கண்டதில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, ஸ்டோரிலிருந்து மெஷின் ஒன்று பறந்துவிட்டது என்று அழ ஆரம்பித்தான். அது எங்கள் மேட்டின் மேல் தாழ்ந்து, மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போனது. மாவு, பால்மா, டின் மீன், கடிக்க முடியாத பிஸ்கட், அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: மூட்டை மூட்டையாகக் கம்பளி மேஸ். முழங்கால் வரைக்கும் வரும் தடித்த பச்சைக் காலுறைகள்.

சப்பாத்தே இல்லாத ஊருக்கு மேஸ் எதற்கு என்று ஆம்பளைகள் சிரித்தார்கள். பெரியம்மா ஒரு சோடியை எடுத்து, இழுத்துப் பார்த்து, போட்டுக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினாள். மழைக்குப் பிறகு மலை முழுவதும் அட்டை நெளியும் காலம். சாயங்காலம் திரும்பி வந்தவளின் காலில் ஒரு கடி இல்லை. மறுநாள் எங்கள் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் பட்டாளத்து மேஸ் போட்டுக்கொண்டுதான் கொழுந்தெடுத்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்துப் பட்டாளமே வந்தது. திருகோணமலையில் கப்பலை நிறுத்திவிட்டு, லொறிகளில் மலையேறி வந்திருந்தார்கள். ஸ்டோருக்குப் பக்கத்து மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். வெயில் பட்டு முகம் சிவந்த வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டம். இரும்புப் பாலத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம். அவர்களுடைய அதிகாரி தலைப்பாகையும் தாடியுமாக இருந்தார். மூன்றாவது கூட்டம் முழுக்க டாக்டர்களும் தாதிமாரும். அவர்கள் பேசியது துரைக்கே புரியாத பாஷை. எந்த நாடு என்று தோட்டத்தில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இன்றுவரைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

இரும்பைக் கண்டதும் மேக்கணக்கில் ஒரே சந்தோஷம். அக்கரையில் லொறியிலிருந்து ஒவ்வொரு துண்டாக இறக்கும்போது இக்கரையில் நாங்கள் கை தட்டினோம். சில சிப்பாய்கள் திரும்பிப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார்கள். எங்களுக்குப் பாலம் வந்துவிட்டது என்று அம்மா குலசாமிக்கு வேண்டுதல்கூடச் செய்தாள்.

டாக்டர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதாகச் சொல்லி அனுப்பியதால், பெரியம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றிப் போனாள். ஊசி வரிசை பட்டாளத்தின் சமையல் கூடாரத்தை ஒட்டி நின்றது. உள்ளே ஒரு கறுத்த, குட்டையான சிப்பாய் பெரிய அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். பருப்பு பொங்கி அவர் கையில் பட்டது.

"அடச் சனியனே!" என்று கத்தினார்.

"பெரியம்மா, இந்த ஆளு நம்ம மாதிரியே வையிறாரு!" என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

அவர் கரண்டியோடு திரும்பினார். பெரியம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"தம்பி, நீங்க தமிழா?"

"புதுக்கோட்டைப் பக்கங்க அக்கா." அவருக்குச் சிரிப்பும் ஆச்சரியமும் சேர்ந்து வந்தன. "கப்பல் ஏறுனதிலேருந்து பேச ஆளில்லாம ஊமையாக் கெடக்குறேன். நீங்க பேசுறது எங்க வீட்டுல பேசுற மாதிரியே இருக்கே?"

வேறு யாராக இருந்தாலும் முதலில் ஊரைப் பற்றி விசாரித்திருப்பார்கள். பெரியம்மா நேராக விஷயத்துக்குப் போனாள். "அந்த இரும்பெல்லாம் எங்க ஆத்துக்குத்தானே தம்பி?"

சமையல்காரர் அண்டாவைப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். புயலில் ஸ்டோருக்குப் போகும் லொறி ரோட்டிலும் ஒரு மதகு உடைந்திருந்தது. பட்டாளத்து லொறிகள் அந்த இடத்தில் ஓடைக்குள் இறங்கி ஏறி வந்துவிட்டன; பாரம் ஏற்றிய தேயிலை லொறியால் அது முடியாது. பாலம் அங்கேதான். கொண்டுவந்த துண்டுகளை அகலமாகப் பூட்டினால் லொறி போகும். நீளமாகப் பூட்டினால் ஆற்றைக் கடந்து ஆள் நடக்கலாம். இரண்டுக்கும் காணாது.

"உங்க தொர எங்க அதிகாரிங்ககிட்ட சொன்னாரு அக்கா. தேத்தண்ணி குடுக்கப் போனப்ப கேட்டேன். ஆத்துக்கு அந்தாண்ட இருக்குறவங்களுக்கு வேற வழி இருக்கு, அவங்களுக்கு அவசரமில்லன்னாரு."

பெரியம்மா வரிசைக்குத் திரும்பினாள். என் கையை எடுத்து ஊசிக்கு நீட்டினாள்.

அன்று சாயங்காலமே அப்பாவும் தோட்டத்துச் சங்கத் தலைவரும் இன்னும் சிலரும் துரையைப் பார்க்கப் போனார்கள். துரை கெட்டவர் இல்லை. அவர்களை நிற்க வைக்காமல் வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லித்தான் பேசியிருக்கிறார். தேயிலை லொறி இறங்காவிட்டால் ஸ்டோரை மூட வேண்டிவரும், ஸ்டோரை மூடினால் சம்பளம் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர்கள் கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

"அவரு சொல்றதும் ஞாயந்தானே" என்றார் அப்பா.

"ஞாயம் ரெண்டு பக்கமும் இருக்கும்" என்றாள் பெரியம்மா. "பாலம் ஒரு பக்கந்தான் இருக்கும். ஸ்டோருக்குப் பின்னால பழைய ரோடு இல்ல? பண்டாரவளைக்கு ஏறுற ரோடு? லொறி அதுல சுத்திப் போவும். கூடக் கொஞ்சம் டீசல் குடிக்கும். வலி எடுத்த பொம்பள சுத்திப் போவாளா?"

தலைவர் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் நாம சொன்னா தொரதானே அவங்களுக்கு இங்கிலீசுல சொல்லணும்."

"அதான் சொல்றேன். வாயால சொன்னா தொர வாய் வழியாத்தான் போவும். கண்ணால பாத்தா யாரு வாயும் வேணாம்."

அவள் சொன்னது ஆம்பளைகளுக்கு விளங்கவில்லை. பெண்களுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் பெரியம்மா நாலு தேங்காய் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, மறுபடியும் மலையைச் சுற்றிப் போய்ச் சமையல்காரரைப் பார்த்தாள். மூன்று அதிகாரிகளும் துரையும் அடுத்த நாள் காலையில் அளவெடுக்க வருவார்கள் என்றும், உடைந்த மதகுக்கு ஆற்றங்கரை வழியாகத்தான் நடந்து போவார்கள் என்றும் தெரிந்துகொண்டு வந்தாள். ரொட்டி எப்படி என்று கேட்டதற்கு அந்த மனிதர் பதில் சொல்லாமல் சம்பல் தீர்ந்த இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அதை அவள் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஆற்றில் அப்போது வெள்ளம் இறங்கியிருந்தது. ஆம்பளைகள் இரண்டு கரை மரங்களுக்கும் நடுவே ஒரு வடக்கயிற்றைக் கட்டியிருந்தார்கள். பலமுள்ளவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அந்தக் காலையில் மேக்கணக்குப் பெண்கள் முழுப் பேரும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கயிற்றடிக்கு வந்து நின்றபோது அப்பாவும் என் தாய்மாமாவும் திகைத்துப் போனார்கள். ஆனால் தடுக்கவில்லை. அப்பா ஒரு கரையிலும் மாமா மறு கரையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னைக் கூட்டிப்போவதற்குத்தான் அம்மா சம்மதிக்கவில்லை.

"இவதானே பள்ளிக்கூடம் போறவ" என்றாள் பெரியம்மா. "இவ எறங்காட்டி அவங்களுக்கு என்னா தெரியப்போவுது? எங்கையிலதான் இருப்பா. எனக்குப் பயமில்லன்னு நெனைக்கிறியா?"

அம்மா என் புத்தகப் பையை என் தலையில் வைத்துக் கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். எனக்கோ ஆனந்தம். பிள்ளைகளில் என்னை மட்டும்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அதிகாரிகள் அக்கரை வளைவில் தெரிந்ததும் பெரியம்மா, "எறங்கு" என்றாள்.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கினோம். பெரியவர்களுக்கு இடுப்பளவு, எனக்கு நெஞ்சளவு. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் அம்மா, பின்னால் பெரியம்மா. பெரியம்மாவின் ஒரு கை கயிற்றில், ஒரு கை என் சட்டைக் கழுத்தில். மலையில் ஓயாமல் பேசுகிற அத்தனை பெண்களும் அன்று வாயை மூடிக்கொண்டு கடந்தார்கள். அக்கரையில் அதிகாரிகள் நடையை நிறுத்தியதைப் பார்த்தேன். துரை கையை நீட்டி என்னவோ சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

நடு ஆற்றில் என் கால் பாசிக் கல்லில் பட்டுச் சறுக்கியது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மூக்குக்குள் போன தண்ணீரும் காதுக்குள் கேட்ட பெரிய இரைச்சலும்தான். மற்றதைப் பிறர் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் கண்ணால் பார்த்தது போலவே ஆகிவிட்டது. என் புத்தகப் பை மிதந்து போனது. நானும் அதன் பின்னால் போயிருப்பேன். பெரியம்மா என் சட்டையை விடவில்லை. தையல் பிரிந்து சட்டை கிழிந்தது. உடனே என் பின்னலைப் பிடித்தாள். பின்னல் பிரியவில்லை.

இதைப் பார்த்ததும் நெட்டையான வெள்ளைக்கார அதிகாரி, பூட்ஸோடு, தொப்பியோடு, ஆற்றில் பாய்ந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் ஆறு அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவதில் அதே பாசி அவரையும் வாரியது. கால் மேலே, தலை கீழே என்று உருண்டு வந்து பெண்களின் வரிசையில் மோதினார். அம்மா அவருடைய பெல்டைப் பிடித்தாள். அடுத்தவள் தோளைப் பிடித்தாள். கொழுந்துக் கூடையைக் கைமாற்றுவது போல அவரை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு மாற்றிக் கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தொப்பி மட்டும் என் புத்தகப் பையோடு போய்விட்டது.

துரைக்கே புரியாத பாஷை பேசும் கூட்டத்திலிருந்து வந்திருந்த தாதி ஒருத்தி ஓடி வந்து என்னைக் கம்பளியில் சுற்றி, முதுகைத் தட்டி, என் காதில் என்னவோ சொன்னாள். வார்த்தை ஒன்றும் புரியாவிட்டாலும் நான் அழுகையை நிறுத்தினேன். அம்மா என்னைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஓர் அடி அடித்தாள். பிறகு முத்தம் கொடுத்தாள்.

பெரியம்மா ஈரம் சொட்டச் சொட்ட அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க பட்டாளத்துல பழகுன ஒடம்பு. ஒங்களையே தண்ணி தூக்கிருச்சு. இந்தப் புள்ளைங்க தெனமும் இதுலயா எறங்கணும்? ஒங்க மாவத் தின்னோம். ஒங்க மேசப் போட்டுக்கிட்டோம். ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா பாலத்த லொறிக்குக் குடுக்கப் போறீங்களாம். லொறிக்கு வேற ரோடு இருக்கு. அந்தக் கரையில, கொட்டுற மழையில, ஒரு பொம்பள புள்ள பெத்தா. இந்தக் கரைக்கு வர முடியல. இந்தக் கையிலதான் ஐயா அது கண்ணு தொறக்காமப் போச்சு."

அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

அதிகாரி துரையைப் பார்த்தார். துரை தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் 'தேங்க்யூ' என்ற சொல் என் காதில் விழுந்தது. பெரியம்மா அவ்வளவு நேரம் பேசியது ஒரு தேங்க்யூவாகிவிட்டது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கியது.

அதிகாரிகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்த சமையல்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கேத்தலைக் கீழே வைத்தார். தலைப்பாகை அதிகாரியின் முன்னால் போய் விறைப்பாக ஒரு சலாம் அடித்தார்.

"அந்த அம்மா சொன்னது அது இல்லீங்க" என்று முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஹிந்தியில் ஆரம்பித்தார். பெரியம்மா நீட்டியது போலவே அவரும் இரண்டு கைகளையும் நீட்டினார். தலைப்பாகை அதிகாரி தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு அவர் நெட்டை அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். அவரும் கடைசியில் கைகளை நீட்டினார். மூன்று பாஷை மாறியும் அந்தக் கைகள் மாறவில்லை.

நெட்டை அதிகாரி குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். அதிலிருந்து அரைக் குடம் தண்ணீர் கொட்டியது. அவர் காலில், மேஸ் வழுகி இறங்கிய இடத்தில், கொழுத்த அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆற்றில் பாய்ந்த மனிதர் அட்டையைக் கண்டு அலறிவிட்டார். பெரியம்மா உட்கார்ந்து, நகத்தால் அதைச் சுண்டிவிட்டாள். அவருடைய மேஸை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டு, தன் காலை நீட்டித் தன் மேஸைக் காட்டினாள்.

"இப்பிடிப் போடணும்" என்றாள்.

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி அவள் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். வரிசையாக நின்ற பெண்களின் கால்களையெல்லாம் பார்த்தார். எல்லாம் அவருடைய பட்டாளத்துப் பச்சை மேஸ். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை அதிகாரியும் சிரித்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் துரையிடம் ஒரு கேள்விதான் கேட்டார். லொறிக்கு வேறு ரோடு இருக்கிறதா? துரை கொஞ்சம் யோசித்தார். இருக்கிறது என்று சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை நான் மதிக்கிறேன்.

அதிகாரி எழுந்து, ஒற்றை பூட்ஸோடு நடந்துபோய், எங்கள் தொங்கு பாலத்தின் உடைந்த தூணைத் தட்டிப் பார்த்தார். அங்கேயே அளவு நாடாவை விரித்தார்கள்.

சமையல்காரர் தமிழில் கத்தினார். "அக்கா! ஒங்க ஆத்துக்குத்தான்! பாலம் ஒங்க ஆத்துக்குத்தான்!"

அப்போது எழுந்த குலவைச் சத்தத்தை எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்கூடக் கேட்டிருப்பார்கள். ஸ்டோருக்குள் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வெளியே ஓடி வந்தார்களாம். அப்பா கயிற்றை விட்டுவிட்டு ஆற்றுக்குள்ளேயே குதித்தார். தலைவர் இதற்காகத்தான் தான் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதையும் யாரும் மறுக்கவில்லை.

பாலம் கட்டிய நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. வெள்ளைக்காரர்கள் இரும்பைப் பூட்டினார்கள். இந்தியச் சிப்பாய்கள் கல் சுமந்தார்கள். எங்கள் ஆம்பளைகள் தூணுக்குக் குழி வெட்டினார்கள். பெண்கள் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். கட்டளை ஒரு பாஷையில், பாட்டு ஒரு பாஷையில், வசவு எல்லாப் பாஷையிலும். அதிகாரிகள் பேச்சில் தலையிட்டதற்காகச் சமையல்காரருக்குத் தண்டனை என்று கேள்விப்பட்டு நாங்கள் பயந்துபோனோம். போய்ப் பார்த்தால் வெலிமடையிலிருந்து வந்த உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தார். "சமையக்காரனுக்கு இது ஒரு தண்டனையாக்கா?" என்று சிரித்தார். பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாட்டுக் கொடிகளும் எங்கள் நாட்டுச் சிங்கக் கொடியும் கட்டினார்கள். ரிப்பனைத் துரை வெட்டினார். மேக்கணக்கு மக்களுக்குப் பாலம் வேண்டுமென்பது தன்னுடைய நெடுநாள் ஆசை என்று பேசினார். கத்திரிக்கோல் வைத்த தட்டை ஏந்தி நின்றது நான்தான். ஆற்றில் விழுந்த பிள்ளை என்பதால் எனக்கு அந்த மரியாதை. நெட்டை அதிகாரி எனக்குப் புதுப் புத்தகப் பை ஒன்று தந்தார். அது பட்டாளத்துப் பை. என் முழங்கால் வரைக்கும் தொங்கியது. பாலத்தின் மேல் முதலில் நடந்தது கடைசிக் காம்பரா அக்கா. பெரியம்மாதான் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்னால் விட்டாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் பிள்ளைகள் ஓடினோம். இரும்பு எங்கள் காலுக்குக் கீழே கடகடவென்று பேசியது.

மறுநாள் பட்டாளம் புறப்பட்டது. சமையல்காரர் லொறியில் ஏறிக்கொண்டு, "வாறேன் அக்கா. அங்க பாப்போம்" என்றார். இவரை இனி எங்கே பார்ப்பது என்று நான் நினைத்தேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவருக்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

லொறிகள் மறைந்ததும் அவள் பாலத்தில் நடக்க ஆரம்பித்தாள். அக்கரை வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். கூடை இல்லை, சாமான் இல்லை, போவதற்கு ஒரு காரணமும் இல்லை. கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே நடந்தாள். நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். நாங்கள் பிள்ளைகள் பெரியம்மாவுக்குப் பாலப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குப் பசித்தது.

"போதும் வா பெரியம்மா! பாலம் எங்கேயும் போவாது!" என்று கத்தினேன்.

"பாலம் போவாதுடி" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொரு தடவை அக்கரைக்கு நடந்தாள்.

தோட்டத்துத் தமிழர்களில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் குடும்பங்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று என்பது புயலுக்கு முன்பே முடிவாகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சமையல்காரரிடம்கூட அவள் சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவர்கள் இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறிவிட்டார்கள். தான் இருந்து நடக்கப்போகாத ஒரு பாலத்துக்காகத்தான் அவள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் என்னைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அது தெரியாமல், பட்டாளத்துப் பை முழங்காலில் இடிக்க, அவள் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் நான் கரையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.